மேலைத்தெரு விமானம் கொலுவேறிய படலம்

வாழ்க நாகேஸ்வரன். திருவனந்தபுரமாகிய அனந்தபுரிக் கோட்டைக்குள், மேலைத்தெருவில், பஞ்சாபகேசன் என்னும் தலைமைச்செயலக எழுத்தர் தவமிருந்து பெற்ற தனிப்பெருங் கொழுந்து. பதினோராண்டு நிரம்பிய பராக்கிரமன். ஆறாம் வகுப்பு பி பிரிவின் கடைசிப் பெஞ்சைக் கட்டிக் காத்த காவலன். பத்து விரலும் பசையால் ஒன்றோடொன்று பிணைபட்ட போதும் அழாத, அதாவது பிறர் பார்க்க அழாத, பெருவீரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு நவராத்திரியின் முதல் நாளில் அவன் ஆற்றிய அருஞ்செயலைக் கல்லில் வெட்டவோ செம்பில் பொறிக்கவோ எவருக்கும் தோன்றவில்லை. வீட்டில் அவனை நாகு என்று கூப்பிடுவார்கள்.

அவன் கதை சொல்லப் புகுமுன், துணைநின்ற தெய்வங்களைத் தொழுவது முறை. கட்டைவிரல் நீளமே திருமேனியாகி, நசுக்கிய இடத்தை விட்டு நசுக்காத இடத்தில் பீறிட்டு, மூடி திறந்தவன் மூக்கை முதற்பலியாகக் கொள்ளும் பசைக்குழாயே, உனக்கு வணக்கம். அப்பாவின் கன்னத்தில் ஏழு வாரம் ஊழியம் செய்து முனை மழுங்கி, ஓய்வு பெற்ற பின்னும் உறுப்பறுக்கும் பணிக்கு ஓடிவந்த சவர பிளேடே, உனக்கு வணக்கம். மச்சில் மல்லாந்து கிடந்து போர்க்களமாகிய கேரம் பலகையே, உனக்கும் வணக்கம். உன்மேல் அன்று விழுந்த கறை கடைசி வரை போகவே இல்லை.

சாலைக் கடைத்தெருவிலே, ஒரு வெல்ல மண்டிக்கும் குடை ரிப்பேர் கடைக்கும் இடையே, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட தாணுமாலையன் என்பவரின் ஹாபி சென்டர் என்றொரு திருத்தலம் இருந்தது. இறகுப்பந்து, கேரம் பவுடர், தூண்டில் முள், அயல்நாட்டுத் தபால்தலை ஆகிய பரிவார தேவதைகள் சூழ்ந்திருக்க, நடுவே கண்ணாடிக் கருவறைக்குள், கொச்சித் துறைமுகம் வழியாக எப்படியோ வந்து சேர்ந்த ஐந்து அட்டைப் பெட்டிகள் எழுந்தருளியிருந்தன. அவற்றுள் நடுநாயகமாய் நின்ற பெட்டியின்மேல், நான்கு காத்தாடி சுழல, மேகக் குவியலைக் கிழித்து, தீயுமிழ்ந்து, கீழே கருங்கடல் கலங்க, ஒரு போர்விமானம் பறந்துகொண்டிருந்தது. உள்ளே அறுபத்தொரு துண்டு சாம்பல்நிற ப்ளாஸ்டிக் இருந்தது.

அப்பெட்டியின் முன் நம் தலைவன் எட்டுத் திங்கள் தவம் புரிந்தான். பள்ளி மணி ஓய்ந்த மாத்திரத்தில், நண்பர் அழைத்த பந்தாட்டம் துறந்து, நாவூறும் கடலை வண்டி துறந்து, புத்தகப் பையைக் காலடியில் கிடத்தி, ஒரு காலைக் கொசு கடித்தபடியால் மறு காலில் நின்று, நாசி நுனியைக் கண்ணாடியில் பதித்து, மூச்சுவிட்டு மங்கவைத்த கண்ணாடியைத் தானே சட்டைக் கையால் துடைத்து, மீண்டும் மூச்சுவிட்டு மங்கவைத்தான். முனிவர்களுக்கு இடையூறு செய்ய இந்திரன் யாரையெல்லாமோ அனுப்புவானாம். நாகுவுக்குத் தாணுமாலையனே போதுமாயிருந்தார்.

"தம்பி, மூக்கை எடப்பா," என்று அவர் நாள்தோறும் அருள்வாக்குச் சொன்னார். "கண்ணாடியத் தொடச்சித் தொடச்சே எனக்குக் கையி ஓஞ்சு போச்சு, கேட்டியா. வேணும்னா அப்பாவக் கூட்டிட்டு வா."

அப்பாவோ எளிதில் வரம் தருபவர் அல்லர். ஓணப் பரீட்சையில் மலையாளத்தில் தேறினால் பெட்டி, இல்லையேல் இல்லை என்று ஆணையிட்டார். தெருவிலே மலையாளத்தில் சண்டையிட்டு மலையாளத்திலேயே சமாதானமும் பேசவல்ல நாகுவுக்கு, அதை எழுத உட்கார்ந்தால் மட்டும் எழுத்துகள் சுருண்டு சுருண்டு பாம்புப் புற்றாகிவிடும். அந்தப் புற்றுக்குள் கைவிட்டான். ஒரு மாதம் விடியுமுன் எழுந்து, கூட்டெழுத்து ஒவ்வொன்றையும் தலையைப் பிடித்து வெளியே இழுத்து, ஐம்பத்தொரு மதிப்பெண் வாங்கினான். மகாளய அமாவாசை சனிக்கிழமை, தர்ப்பணம் முடித்த கையோடு, பஞ்சாபகேசன் சாலைக் கடைத்தெருவுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தார். நாகு அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். பறக்கவிட அல்ல, விளையாட அல்ல. பழிதீர்க்க.

எதிர்வீட்டுச் சாம்பசிவன் என்பவன், நாகுவின் வயதினன், நாகுவின் வகுப்பினன், சென்ற ஆண்டு நவராத்திரியில் தன் வீட்டுக் கொலுப்படியின் கீழே மணல் பரப்பி, கடுகு முளைவிட்ட வயல் செய்து, அதனூடே பேட்டரியில் ஓடும் ரயிலொன்றை விட்டான். அந்த ரயில் கூவிக்கொண்டு வட்டம் வர வர, மேலைத்தெருவின் மாமிகளும் மக்களும், மடிப்புக் கலையாத பட்டுப்பாவாடைச் சிறுமியரும், சுண்டல் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட சிறுவர் படையும் அந்த வீட்டு வாசலில் வெள்ளமெனத் திரண்டனர். பஞ்சாபகேசன் வீட்டுக் கொலுவையோ வந்தவர்கள் நின்றபடியே பார்த்து, நின்றபடியே சுண்டல் வாங்கி, எதிர்வாசலுக்குப் போனார்கள். அந்த ஒன்பது நாளும் நாகு வாசல்பக்கம் தலைகாட்டவில்லை.

ஆனால் கொலுப்படியில் ஓர் இடம் பெறுவது எளிதோ? அந்த ஒன்பது படிகளையும் ஒரு குடைக்கீழ் ஆண்டவள் பஞ்சாபகேசனின் தங்கை சீதாலக்ஷ்மி. வயது இருபத்தொன்பது, அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர், பிழை என்பதைத் தாளிலும் பொறுக்காதவள், தரையிலும் பொறுக்காதவள். தசாவதாரம் எந்த வரிசையில் நிற்கவேண்டும், மரப்பாச்சிக்கு எந்த நிறத்தில் உடை, செட்டியாருக்கு முன்னால் அரிசி எத்தனை கைப்பிடி என்பதிலெல்லாம் அவள் சொன்னதே சட்டம். அவளுடைய அவைக்கு நாகு பெட்டியோடு சென்று, நெடுநேரம் கெஞ்சி, முடிவில் ஒரு தீர்ப்பு வாங்கினான்.

"ஏழாம் படியில வளையல்காரி பொம்மை இருந்த எடம் காலியாத்தான் இருக்கு," என்றாள் சீதாலக்ஷ்மி. "நாளைக்கு விளக்கேத்தறதுக்கு முன்னாடி முழுசா முடிச்சுக் கொண்டா, வைக்கறேன். அரைகுறையா வந்தா ஏத்தமாட்டேன். குண்டு கிண்டு இருந்தா எடுத்துடு, கேட்டயா. சரஸ்வதி பக்கத்துல குண்டு வேண்டாம்."

இவ்வாறாக, தொடங்கு முன்னரே நான்கு குண்டுகளை இழந்து, விமானம் ஐம்பத்தேழு துண்டாயிற்று.

அன்று மாலை, ஆண்டுதோறும் நவராத்திரிக்கு வரும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதி யானைமேல் எழுந்தருளிக் கோட்டைக்குள் நுழைய, செண்டையும் கொம்பும் முழங்க, தெருவே கிழக்கேகோட்டைக்குப் பெயர்ந்து போனபோது, நாகு ஒருவனே மச்சில் கேரம் பலகையின்முன் சம்மணமிட்டு அமர்ந்திருந்தான். பின்பு நிகழ்ந்த போரை என்னென்று சொல்ல. ப்ளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிப் பிறந்த உறுப்புகளை பிளேடால் ஒவ்வொன்றாய்ச் சிறைமீட்டான். இடச்சிறகின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும், ஒரே வீட்டில் பேச்சில்லாத ஓர்ப்படிகளைப் போல் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. அவற்றைப் பசைபூசி இணைத்து, முழங்காலின்கீழ் வைத்து, பதினாறாம் வாய்ப்பாடு முழுவதையும் மனத்துக்குள் சொல்லி முடிக்கும்வரை அழுத்தினான். எழுந்தபோது சிறகு சிறகோடு ஒட்டவில்லை, முழங்காலோடு ஒட்டியிருந்தது. பிய்த்தெடுத்தான், கொஞ்சம் தோலும் வந்தது, மீண்டும் பூசினான். வாலை ஒட்டினான், தலைகீழாயிற்று. பசை இறுகுமுன் திருப்பினான். கண்ணாடிக் கூண்டைப் பொருத்தினான், அதில் அவனுடைய பெருவிரல் ரேகை அழியா முத்திரையாய்ப் பதிந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அம்மா ஜெயலக்ஷ்மி நான்கு தடவை கூப்பிட்டாள்.

ஞாயிறு காலையில் ஒரு பேரிடி விழுந்தது. அரிசியளவே உடலும், அதனினும் சிறிய தலையும் கொண்ட விமானி, இருபத்திரண்டாம் எண் வீரன், களத்தில் காணாமற் போனான். பலகையின்மேல் இல்லை, பலகையின்கீழ் இல்லை, பாயை உதறினான், பையைக் கவிழ்த்தான், மச்சின் பலகைப் பிளவுகளில் ஈர்க்குச்சி விட்டுத் துழாவி, பல ஆண்டுகளுக்கு முன் தொலைந்த ஒரு கோலியையும் யாருடையதென்று தெரியாத ஒரு பல்லையும் கண்டெடுத்தான். விமானி இல்லாத விமானத்தை அரைகுறை என்று அத்தை தள்ளிவிடுவாள் என்பது அவனுக்குத் தெரியும். நெற்றியைத் துடைத்தபோது, முழங்கையில் ஏதோ உறுத்தியது. விடிந்ததிலிருந்து விமானி அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தார்.

நண்பகல் கழிந்தது. காத்தாடி நான்கும் தத்தம் இடத்தில் ஏறின. சக்கரம் மூன்றும் நின்றன. மணி ஐந்து அடித்தபோது எஞ்சியவை நான்கே நான்கு ஒட்டுப்படங்கள்: சிறகுக்கு இரண்டு, உடலுக்கு இரண்டு, நீலவட்டத்துள் வெள்ளை நட்சத்திரம். தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, ஒட்டவேண்டும் என்று செய்முறைத் தாள் ஒரு கிண்ணத்தின் படம் போட்டுக் காட்டியது. அங்கேதான் விதி வாய்பிளந்து நின்றது. ஏனெனில் அந்நேரம் அடுக்களை முழுதும், குளிக்காதவன் தீண்டலாகாத மடி. அம்மா ஈரப்புடவையோடு நைவேத்தியச் சுண்டல் கிண்டிக்கொண்டிருந்தாள். பாத்திரம் ஒன்றைக்கூட நாகு தொடலாகாது. கிணற்று வாளியையோ குளிப்பதற்கன்றி அன்று தொடக்கூடாது. குளித்துவிட்டு வரலாம், ஆனால் குளித்துத் தலை துவட்டி வருமுன் விளக்கேற்றும் நேரம் வந்துவிடும்.

அப்போது அவன் குலவித்தை கைகொடுத்தது. பஞ்சாபகேசன் வாழ்நாளில் எத்தனை தபால்தலைகளை, எத்தனை உறைகளை, எத்தனை இன்லண்ட் கடிதங்களை நாக்கின் நுனியால் நனைத்து ஒட்டியிருப்பார் என்பதற்குக் கணக்கில்லை. மகன் அதைப் பார்த்தே வளர்ந்தவன். நாகு கண்ணை மூடினான், நாக்கை நீட்டினான், முதல் நட்சத்திரத்தை அதன்மேல் கிடத்தினான். கசந்தது. பொறுத்தான். படம் நழுவியது, சிறகில் சென்று அமர்ந்தது. இரண்டாவது அமர்ந்தது. மூன்றாவது அமர்ந்தது. நான்காவது நாவின்மேல் சயனித்திருந்த தருணத்தில், வண்ணத்தாள் எடுக்க மச்சேறி வந்த சீதாலக்ஷ்மி படியின் உச்சியில் நின்றாள்.

"எச்சில்," என்றாள்.

சங்கு ஊதவில்லை, முரசு அறையவில்லை. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. நாகு வாயை மூடினான். பிறகு நட்சத்திரம் உள்ளே இருப்பது நினைவு வந்து மறுபடி திறந்தான்.

"அத்தை, இது எச்சில் இல்லை, பசைதான்."

"நாக்குல இருந்து எடுத்தா எச்சில் இல்லாம என்னவாக்கும்? இதை நான் சரஸ்வதி பக்கத்துல வைக்கறதா? கெணத்தடிக்குக் கொண்டுபோய் ஒரு வாளி ஜலம் விட்டு அலம்பிக் கொண்டா. அப்பறம் பாக்கலாம்."

அதைவிடக் கொடிய தீர்ப்பு எந்த அவையிலும் வழங்கப்பட்டதில்லை. தண்ணீரில் நழுவி ஒட்டிய படம் தண்ணீரிலேயே நழுவிப் போய்விடும். பசை ஈரமாயிருக்கும் சிறகு வாளி வெள்ளத்துக்குத் தாங்காது. விமானி முதலிலேயே போய்விடுவார். கழுவினால் விமானம் இல்லை, கழுவாவிட்டால் கொலு இல்லை. எட்டு மாதத் தவமும், ஐம்பத்தொரு மதிப்பெண்ணும், முழங்கால் தோலும் ஒருங்கே கிணற்றில் விழப்போவதைக் கண்ட நாகுவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விமானத்தை இரு கையிலும் ஏந்தி, கிணற்றடிக்குப் போகவேண்டியவன் போகாமல், கூடத்து மூலையில் வந்து நின்றான்.

கூடத்திலே ஒன்பது படியும், நூற்றுச் சொச்சம் பொம்மைகளும் பூண்டு, பேரரசியின் அணிவகுத்த சேனையெனக் கொலு விளங்கிற்று. ஒரே ஒரு குறை. ஏழாம் படித் துணியின் சரிகைக் கரை ஓரிடத்தில் பிரிந்து தொங்கியது. பிழை பொறாத பெருமாட்டி மச்சிலிருந்து இறங்கியதும் அதைப் பார்த்துவிட்டாள். ஊசியும் நூலும் எடுத்துவந்து, பொம்மைகளை அசைக்காமல் அப்படியே தைக்க உட்கார்ந்தாள். கூடத்தில் வெளிச்சம் குறைவு. நூல் ஊசியின் காதைக் கண்டும் காணாததுபோல் இப்பக்கம் போயிற்று, அப்பக்கம் போயிற்று. சீதாலக்ஷ்மி ஒரு பெருமூச்சு விட்டாள். நூலின் நுனியை உதட்டில் வைத்து நனைத்து, இரு விரலால் முறுக்கி, ஊசியில் கோத்து, ஏழாம் படியைத் தைத்து முடித்தாள்.

நாகு பார்த்துவிட்டான்.

வானவர் வாழ்த்தி வழங்கிய அத்திரம் ஒன்று தானாக வந்து தன் கையில் அமர்ந்ததை உணர்ந்தும், அதை எய்ய அவனுக்கு மனம் வரவில்லை. அப்பாவிடம் பேசி அந்த மலையாள வரத்தையே வாங்கித் தந்தவள் அத்தைதான். பரீட்சை மாதம் முழுக்க, விடியலில் அவனோடு எழுந்து கூட்டெழுத்து சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். ஆனால் கையில் விமானம் கனத்தது. வாசலில் சாம்பசிவனின் குரல் வேறு கேட்டது. நாகு மெதுவாக அருகில் போய், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னான்.

"அத்தை, நூலை நீ வாயில வச்சயே."

சீதாலக்ஷ்மி நிமிர்ந்தாள். நூலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், ஒன்பது படிகளையும் கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தாள். அவளே பிறப்பித்த சட்டம் அவள் படிவாசலிலேயே வந்து நின்றது. அதன்படி நடந்தால் தசாவதாரம் இறங்கவேண்டும், மும்மூர்த்தி இறங்கவேண்டும், கலசம் இறங்கவேண்டும், துணி கிணற்றடிக்குப் போகவேண்டும், காயவேண்டும். மணி ஐந்தரை. ஆறு மணிக்கு முதல் மாமி வந்துவிடுவாள். அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளை இக்கட்டிலிருந்து மீட்ட அந்த மூளை, அரை நிமிடம் அசையாமல் யோசித்தது.

"வேற யாராவது பாத்தாளா?"

"இல்லை. நான் மட்டுந்தான்."

"செரி. ப்ரோக்ஷணம் பண்ணினா போரும். ஜலத்தைத் தெளிச்சா அலம்பினதுக்குச் சமானமாக்கும்."

எழுந்துபோய்ப் பஞ்சபாத்திரத்தில் தீர்த்தம் கொண்டுவந்தாள். மூன்று விரலால் எடுத்து முதலில் ஏழாம் படிக்குத் தெளித்தாள். பிறகு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, விமானத்துக்குத் தெளித்தாள். ஒரு துளி இடச்சிறகின் நட்சத்திரத்தின் மேலேயே விழுந்து, அது நழுவுமோ நிற்குமோ என்று நாகு மூச்சடக்கி நிற்க, உருண்டு, விளிம்பில் தயங்கி, கீழே சொட்டியது. நட்சத்திரம் நின்றது.

"அம்மாட்ட சொல்லிண்டு நிக்கப்படாது, கேட்டயா," என்றாள் சீதாலக்ஷ்மி. அவள் காது கொஞ்சம் சிவந்திருந்தது. நாகு தலையாட்டினான், அந்த நிமிடத்தில் அத்தையை அவனுக்கு மிகவும் பிடித்திருந்தது.

பின்னர், குத்துவிளக்கு ஐந்து முகமும் ஏற, ஊதுவத்திப் புகை மேகக் குவியலெனச் சூழ, வலப்பக்கம் வீணையேந்திய கலைமகளும் இடப்பக்கம் தராசேந்திய செட்டியாரும் காவலிருக்க, வளையல்காரி துறந்த அரியணையில், குண்டு துறந்த கோமானாய், ரேகை பொறித்த கண்ணாடிக் கூண்டுக்குள் கொஞ்சம் சாய்ந்தமர்ந்த விமானியோடு, நான்கு நட்சத்திரமும் மின்ன, அந்த விமானம் கொலுவேறியது. அதைச் சீதாலக்ஷ்மியே இரு கையாலும் எடுத்து வைத்தாள். வைத்தபின் இரண்டடி பின்வாங்கிப் பார்த்து, மூக்கு நேராக நிற்கும்படி ஒரு நூலளவு திருப்பியும் வைத்தாள்.

ஆறரைக்கு அனந்தலக்ஷ்மி மாமி வந்தாள். அவள் பின்னால் அவள் மகன் சாம்பசிவன், எதிர்வாசல் வேந்தன், மின்ரயிலின் அதிபதி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். வந்தவன் ஏழாம் படியைக் கண்டான், நின்றான். மாமி உட்கார்ந்தாள், அவன் உட்காரவில்லை. மாமி பாடினாள், அவன் கேட்கவில்லை. ஒரு வருஷத்து முள் நாகுவின் நெஞ்சிலிருந்து தானாகவே உருவி வெளியே விழுந்தது. அப்படியொரு நிம்மதி.

"எடா, நீயே பண்ணினதா?" என்று கடைசியில் கேட்டான் சாம்பசிவன்.

"நானேதான்."

"காத்தாடி சுத்துமோ?"

சுற்றுமா என்று அவனுக்கே தெரியாது. பசை காயட்டும் என்று காத்து, நட்சத்திரத்துக்கு ஓடி, நீதிக்குப் போராடி, அரியணைக்கு அலைந்ததில், அந்த விமானத்தை ஒரு தரம்கூட அவன் கையில் வைத்துப் பறக்கவிட்டுப் பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிட்டால் போயிற்று என்று, வென்றவனுக்கே உரிய மிடுக்கோடு, தன் சொந்த விமானத்தை நோக்கி வலக்கையை நீட்டினான்.

"தொடாதே," என்றது பேரரசியின் குரல். "கொலுவில ஏறினதை விஜயதசமி வரைக்கும் தொடப்படாது. ஊதவும் வேண்டாம். எச்சில் தெறிக்கும்."

எட்டுத் திங்கள் தவத்தால் வேண்டி, ஐம்பத்தொரு மதிப்பெண்ணால் மீட்டு, பசையாலும் தோலாலும் படைத்து, நாவால் அலங்கரித்து, நீதியால் காத்து, நெடும்பகை முன்னிலையில் முடிசூட்டிய அப்பெருமகன், தான் வென்றதைத் தானே ஒன்பது நாளைக்கு விளக்குக்கு அப்பால் சிறைவைத்துவிட்டதை, மண்ணோரும் விண்ணோரும் மின்ரயில் வேந்தனும் பார்த்திருக்க, நீட்டிய கை நீட்டியபடியே, ஏழாம் படியின்முன் நின்று உணர்ந்தான்.

நாகு கையை இறக்கிக்கொண்டு சுண்டல் வாங்கித் தின்றான்.